முறை தவறாத கைகள்

நுழையும்முன்

மனிதர் இயல்பு பலவகைப்பட்டது. புதியன புனைவதில் மகிழ்வோர் சிலர். வகுத்த முறையைப் பிழையின்றி நிறைவேற்றுவதில் மகிழ்வோர் சிலர். பின்னவர்க்கு ஏற்ற தொழில்கள் உற்பத்தித் துறையில் நிறைந்துள்ளன. அத்தொழில்கள் எத்தகையன, சமுதாயம் அவற்றை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பன குறித்த கருத்துகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தலைநகரில் ஒரு நடராசர்

தில்லிப் பிரகதி மைதானத்தில் பாரத மண்டபத்தின் முன்னே 27 அடி உயர நடராசர் திருமேனி நிற்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜி-20 மாநாடு கூடியபோது அங்கு நிறுவப்பட்ட அத்திருமேனியை வார்த்தவர்கள், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையைச் சேர்ந்த சிற்பிகள். எட்டு உலோகங்கள் கலந்த, ஏறத்தாழ 18 டன் எடையுள்ள அவ்வுருவத்தைக் காண்போர் ஆடலின் அழகில் தம்மை மறக்கின்றனர். அவ்வழகு எந்த ஒழுங்கிலிருந்து பிறந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சுவாமிமலைச் சிற்பி மனம்போன போக்கில் உருவம் செய்வதில்லை. திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலை ஒன்றை நறுக்கி, அதனை மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்வது அவ்வூர் மரபு. முகத்தின் நீளம், மார்பின் அகலம், கைவிரலின் அளவு ஆகியவற்றிற்கெல்லாம் தாளம் என்னும் கணக்கு உண்டு. முதலில் மெழுகில் உருவம் செய்யப்படுகிறது. அதன்மீது காவிரியின் வண்டல் மண் பூசப்படுகிறது. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. பின் சூடேற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றுகின்றனர். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றனர். இவற்றுள் ஒரு படியை முன்பின்னாக மாற்றினாலும் வார்ப்புப் பிழைபடும். மண்ணில் ஈரம் எஞ்சியிருந்தால், கொதிக்கும் உலோகம் பட்டவுடன் அச்சு வெடிக்கவும் கூடும்.

முறையைப் போற்றுதலும் ஒரு திறமையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் இன்றைய குடும்பங்களில் அத்திறமைக்கு உரிய மதிப்புக் கிடைப்பதில்லை.

இயல்பு அறிதல்

வீட்டுக்கு வரும் உறவினர் பிள்ளைகளைப் பார்த்து, "படித்து என்னவாகப் போகிறாய்?" என்று கேட்பது வழக்கம். மருத்துவர், பொறியாளர், ஆட்சிப்பணி அலுவலர் என்னும் விடைகள் அவர்களை மகிழ்விக்கின்றன. "ஆலையில் தரப் பரிசோதகர் ஆவேன்" என்று ஒரு பிள்ளை கூறினால் கூடத்தில் சற்று அமைதி நிலவும். பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டை விட்டுத் தலைநகருக்கு வந்த குடும்பங்களில் இவ்வெண்ணம் இன்னும் வலிமையாக இருப்பது இயற்கையே. தாம் பட்ட துன்பம் தம் மக்களுக்கு வேண்டா என்று பெற்றோர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தில் தவறில்லை. பிள்ளையின் இயல்பைக் காணாது தொழிலின் பெயரை மட்டும் காண்பதே தவறு.

சில பிள்ளைகளின் புத்தகப்பை எப்போதும் ஒழுங்காக இருக்கும். கணக்கில் ஒரு படியையும் அவர்கள் தாண்டிச் செல்வதில்லை. ஆய்வகத்தில் குறிப்பேட்டில் உள்ளவாறே அளந்து ஊற்றுவர். முடிவைத் தேதியுடன் எழுதி வைப்பர். முன்னறிவிப்பின்றித் திட்டம் மாறினால் சற்றுத் தடுமாறுவர். இத்தகைய பிள்ளைகளைக் "கற்பனை இல்லாதவர்" என்று ஆசிரியரும் பெற்றோரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது குறையன்று, ஓர் இயல்பு.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஹாலண்ட் 1959ஆம் ஆண்டில் தொழில் தேர்வு குறித்த தம் கொள்கையை வெளியிட்டார். அவரது கொள்கை மனிதரின் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. கைத்தொழிலில் ஈடுபடுவோர், ஆராய்வோர், கலை படைப்போர், பிறருக்கு உதவுவோர், முன்னின்று நடத்துவோர், வகுத்த ஒழுங்கை விரும்புவோர் என்பன அவ்வாறு வகைகள். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டங்கள் கலந்திருப்பதும் உண்டு. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் பேச்சுக்கு அக்கொள்கையில் இடமில்லை. இயல்புக்கும் தொழிலுக்கும் பொருத்தம் அமைந்தால் மனம் நிறைவடையும் என்பதே அதன் சாரம். திருக்குறளும், ஆளின் தன்மை அறிந்து அதற்கேற்ற வினையில் அவரை அமர்த்துதல் பற்றித் 'தெரிந்து வினையாடல்' என்னும் தனி அதிகாரமே வகுத்துள்ளது.

தில்லியின் அருகே ஓர் ஆலை

முறையை விரும்புவோர்க்குரிய இடம் எது என்று அறியத் தில்லியிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அன்று குர்கான் என்று வழங்கிய குருகிராமில், மாருதி ஆலையின் முதல் காருக்குரிய சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒரு தில்லிவாசியிடம் வழங்கினார். அந்நிறுவனத்தை முன்னின்று உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் வெ. கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கருவேலியில் பிறந்த தமிழர் அவர். மின்பொறியியல் பட்டயப் படிப்புடன் பணி வாழ்வைத் தொடங்கி, பெல் நிறுவனம், மாருதி நிறுவனம், இந்திய எஃகு ஆணையம் ஆகிய மூன்று பெரும் பொதுத்துறை அமைப்புகளுக்குத் தலைமை ஏற்றவர்.

ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. இயந்திரங்களோடு வேலைசெய்யும் பழக்கங்களும் ஜப்பானிலிருந்து வந்தன. அலுவலரும் தொழிலாளரும் ஒரே வகைச் சீருடை அணிந்தனர். ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். பணி தொடங்குமுன் உடற்பயிற்சி நடைபெற்றது. ஒவ்வொரு வேலைக்கும் செய்முறை எழுதப்பட்டது. எந்தப் பகுதியை முதலில் பொருத்துவது, எந்தத் திருகாணியை எவ்வளவு விசையுடன் முடுக்குவது, முடுக்கியதை எவ்வாறு சரிபார்ப்பது என்பவை அனைத்தும் வரையறுக்கப்பட்டன.

இதன் பயன் எளிது. ஒருவர் திங்கட்கிழமை காலையில் பொருத்திய காரும், மற்றொருவர் சனிக்கிழமை மாலையில் பொருத்திய காரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வாங்குபவர் எந்தக் காரைப் பெற்றாலும் அதன் நிறுத்தி ஒரே வகையாகச் செயற்பட வேண்டும். தனி மனிதரின் மனநிலைக்கு ஏற்பத் தரம் மாறாதிருப்பதற்கே செய்முறை வகுக்கப்படுகிறது.

வகுத்த முறையில் வளரும் தொழில்கள்

உற்பத்தித் துறை என்றவுடன் சுத்தியலும் புகையும் மட்டுமே நினைவுக்கு வருதல் கூடாது. ஆலைக்குள் எத்தனையோ வகைப் பணிகள் உள்ளன.

தரப் பரிசோதகர் ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். மைக்ரோமீட்டர் கொண்டு அளந்து, வரம்புக்குள் இருந்தால் ஏற்கிறார். சிறிதளவு மிகுந்தாலும் ஒதுக்கி வைக்கிறார். "இன்று ஒருநாள் போகட்டும்" என்னும் சொல்லுக்கு அவரிடம் இடமில்லை. டூல் அண்டு டை தொழிலாளி, ஆயிரக்கணக்கான பாகங்களை அச்சிட்டதுபோல் உருவாக்கும் அச்சுகளைச் செதுக்குகிறார். அவர் செய்யும் சிறு பிழை ஆயிரம் பாகங்களிலும் தோன்றும். பண்டகக் காப்பாளர் எந்தப் பொருள் எந்த அடுக்கில் உள்ளது, எது முதலில் வந்தது, எது முதலில் வெளியேற வேண்டும் என்று கணக்கு வைக்கிறார். உற்பத்தித் திட்டப் பிரிவினர் எந்த நாளில் எந்த இயந்திரம் எதைச் செய்ய வேண்டும் என்று அட்டவணை இடுகின்றனர்.

மருந்து ஆலைகளில் இவ்வொழுங்கு மேலும் கடுமையானது. மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் வெறும் எண்ணன்று. அந்தத் தொகுதிக்கு எந்த மூலப்பொருள் சேர்ந்தது, எடையிட்டவர் யார், சரிபார்த்தவர் யார், எந்த வெப்பநிலையில் உலர்த்தப்பட்டது என்னும் வரலாற்றுக்கு அவ்வெண்ணே திறவுகோல். இந்திய மருந்து விதிகளின் எம் அட்டவணை இத்தகைய நல்லுற்பத்தி முறைகளை வகுத்துள்ளது. ஒருவர் எடையிட, மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட அந்தத் தாளை நம்பியே நோயாளி மாத்திரையை விழுங்குகிறார்.

அளக்கும் கருவியே தவறானால் என் செய்வது? அதற்கும் முறை உண்டு. ஆலையிலுள்ள அளவுகருவிகளைக் குறித்த காலத்தில் சரிபார்ப்பதற்கென்றே பணியாளர்கள் உள்ளனர். அவர்கள் தம் கருவியைத் தம்மினும் துல்லியமான கருவியோடு ஒப்பிடுகின்றனர். அக்கருவி மேலும் துல்லியமான ஒன்றோடு ஒப்பிடப்படுகிறது. இச்சங்கிலியின் உச்சியில் இருப்பது தில்லிப் பூசா வளாகத்தை அடுத்துள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நீளம், நிறை, நேரம் முதலியவற்றின் தேசிய அளவுத்தரங்களை அதுவே பேணுகிறது. அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்து, சர் சி. வி. இராமனோடு இணைந்து ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன். ஆய்வகம் அமைந்துள்ள சாலைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. சிற்பியின் கையில் மடித்த ஓலை. ஆய்வகத்தின் காப்பறையில் தேசிய அளவுத்தரம். இரண்டும் செய்யும் பணி ஒன்றே.

முறை தளர்ந்த இரவு

முறையைக் காப்போர் பணி வெளியே தெரிவதில்லை. அவர்கள் தம் கடமையைச் சரியாகச் செய்தால் எதுவும் நிகழ்வதில்லை. நிகழாத ஒன்றை எவரும் செய்தியாக எழுதுவதில்லை. முறை தளரும்போதுதான் அதன் அருமை உலகுக்குப் புலனாகிறது.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபால் நகரின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு வெளியேறியது. அதனைக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டிய அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் அன்று இயங்கும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். உயிர் பிழைத்தோருள் பலர் வாழ்நாள் முழுதும் நோயோடு போராடினர். ஒரு கருவியை நிறுத்திச் சேமித்த செலவு எத்தகைய விலையாக மாறியது என்பதை அந்நகரம் இன்றும் மறக்கவில்லை.

இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. பாதுகாப்பு முறையைக் கடைப்பிடிக்க ஊழியர் மட்டும் விரும்பினால் போதாது. முறையை மதிக்கும் நிருவாகமும் வேண்டும். "இது சரியில்லை" என்று கீழ்நிலை ஊழியர் கூறும்போது கேட்கும் செவியும் வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

முறைசார்ந்த வேலை மனிதரை இயந்திரமாக்கிவிடும் என்பர் சிலர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் நகரும் பொருத்துவரிசை வந்தது. ஒரு காரின் அடித்தளத்தைப் பொருத்தும் நேரம் பன்னிரண்டு மணியளவிலிருந்து ஒன்றரை மணியளவாகக் குறைந்தது. ஆனால் நாள் முழுதும் ஒரே அசைவைச் செய்யச் சலித்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டு நீங்கினர். அடுத்த ஆண்டே நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று ஃபோர்டு அறிவிக்க நேர்ந்தது. மனிதரை மதியாத முறை நெடுநாள் நிலைப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. டொயோட்டா ஆலைகளில் தொழிலாளர் பிழையைக் கண்டால் அருகிலுள்ள கயிற்றை இழுத்து அழைப்பு விடுக்கலாம். பிழை உடனே தீராவிடில் வரிசை முழுதும் நின்றுவிடும். செய்முறையில் திருத்தம் வேண்டுமெனில் அதனை முன்மொழியும் உரிமையும் அவருக்கு உண்டு. அங்கே முறை என்பது இன்றுவரை அறிந்தவற்றுள் சிறந்த வழி. நாளை இன்னும் சிறந்த வழி கண்டால் அதுவே முறையாகும். முறையை நன்கு அறிந்தவரே அதன் குறையையும் முதலில் காண்கிறார். ஆகவே முறையைப் பின்பற்றுதலும் சிந்தித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆலைத்தொழிலில் மதிப்பும் உறுதியும் இல்லை என்பது மற்றொரு மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. மாருதி நிறுவனத்தின் மானேசர் ஆலையிலேயே 2011ஆம் ஆண்டில் தமக்கெனத் தொழிற்சங்கம் வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் நிலையான தொழிலாளர்க்கும் இடையே உள்ள ஊதிய வேறுபாடு இன்றும் பல ஆலைகளில் தீராத வழக்கு. வரையறுத்த பணி நேரம், நியாயமான ஊதியம், ஓய்வு, பாதுகாப்பு ஆகியனவும் வகுத்த முறைகளே. தொழிலாளரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் ஆலை, தான் காக்க வேண்டிய ஒழுங்கையும் காத்தல் வேண்டும். ஒருபக்க ஒழுங்கு அடிமைத்தனத்துக்கே வழிவகுக்கும்.

இயந்திர மனிதர்கள் வந்தபின் இத்தொழில்கள் எஞ்சுமா என்றும் சிலர் ஐயுறுகின்றனர். ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்யும் வேலைகள் பல இயந்திரங்களுக்குச் செல்வது உண்மையே. பற்றவைத்தல், வண்ணம் தெளித்தல் போன்றவற்றைப் பல கார் ஆலைகளில் இயந்திரக் கைகளே செய்கின்றன. ஆனால் அக்கைகளுக்கு அளவு குறித்தல், பழுது நோக்கல், விளைவைச் சோதித்தல், பதிவுகளைப் பேணல் ஆகியவற்றுக்கு முறையறிந்த மனிதர் வேண்டும். தொடர்ந்து கற்பவர்க்கே அவ்விடம் கிடைக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

வழிகாட்ட வேண்டியோர்

இத்துறைக்குச் செல்லும் பாதை மறைவானதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் முதலிய பிரிவுகளில் சேரலாம். தில்லியிலேயே பூசா உள்ளிட்ட பல இடங்களில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. பாலிடெக்னிக் கல்லூரியில் பட்டயம் பெறலாம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, ஆலையிலேயே உதவித்தொகை பெற்றுத் தொழில் பழகலாம். பட்டயத்தோடு தொடங்கியவர் எவ்வளவு உயரலாம் என்பதற்குக் கருவேலியில் பிறந்தவரின் வாழ்வே விளக்கம். பெண்களும் இன்று பொருத்துவரிசைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

எல்லாப் பிள்ளைகளும் ஆலைக்குச் செல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கவிதை எழுதும் கையைப் பொருத்துவரிசையில் நிறுத்துவது எவ்வளவு தவறோ, அளந்து செய்வதில் மகிழும் கையை விருப்பமில்லாத படிப்பில் தள்ளுவதும் அவ்வளவு தவறு. பெற்றோர் உறவினரின் வியப்பைத் தேடாமல் பிள்ளையின் நிறைவைத் தேட வேண்டும். பள்ளிகள் மதிப்பெண் பட்டியலோடு மாணவரின் இயல்பையும் கருத வேண்டும்.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பம் புதுதில்லியில் இரயில் ஏறுகிறது. இரவெல்லாம் வண்டி ஓடுகிறது. பயணிகள் அஞ்சாமல் உறங்குகின்றனர். சக்கரத்தின் அச்சில் விரிசல் இல்லை என்று சோதித்தவர், திருகாணியை முடுக்கியபின் வண்ணக் கோடிட்டு அடையாளம் செய்தவர், பதிவேட்டில் கையொப்பமிட்டவர் ஆகிய எவரையும் அவர்கள் அறியார். அறியாத அக்கைகளை நம்பியே அவர்கள் கண் மூடுகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரிய கைகளை மதிப்பது சமுதாயத்தின் கடமை.

சொல்லும் பொருளும்

திருமேனி – இறையுருவம்
வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து படிவிக்கும் மண்
நாட்டம் – விருப்பம்
பட்டயம் – பாலிடெக்னிக் கல்வியில் பெறும் சான்று
பழகுநர் – தொழிலைப் பழகிக் கற்பவர்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

எண்ணி விடை எழுதுக

1. சுவாமிமலைச் சிற்பியின் பணியில் வரிசைமுறை ஏன் இன்றியமையாதது?
2. மாத்திரை அட்டையிலுள்ள தொகுதி எண் எவற்றை அறிய உதவுகிறது?
3. "ஒருபக்க ஒழுங்கு அடிமைத்தனத்துக்கே வழிவகுக்கும்" – இக்கூற்றை விளக்குக.
4. முறைசார்ந்த வேலை மனிதரை இயந்திரமாக்கும் என்னும் கருத்தை ஏற்கின்றீரா? காரணங்களுடன் எழுதுக.
5. வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் தயாரிப்பில் எவ்வெந்நிலைகளில் சோதனை தேவைப்பட்டிருக்கும் என்று பெற்றோருடன் கலந்துரையாடி ஒரு பத்தி எழுதுக.